ஏழு மணி வரைக்கும் சத்தம் கூடாது

கோதண்டபாணி சாரைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மட்டமாகப் பேசினாலும் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருடம் எதிர் வீட்டில் இருந்து பார்த்தவள் நான். மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. அவர்கள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே நாலு எட்டுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு கே.கே. நகர் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். பெயர் பொன்மணி. ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

குடிவந்த மறுநாள் காலை. அடுப்புப் பற்றவைக்க லைட்டரைக் காணோம். மூட்டைகளுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. மணி ஆறரை இருக்கும். எதிர் வீட்டு காலிங் பெல்லை அழுத்தினேன். கதவு திறந்தது; திறக்கிற சத்தமே கேட்கவில்லை. வலது கையில் கரண்டியோடு சின்ன உருவமாக ஒரு அம்மாள் நின்றாள். நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் இடது கையைத் தூக்கி விரலை உதட்டின்மேல் வைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். தீக்குச்சி கிழிப்பதுபோல் ஜாடை காட்டினேன். உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் இல்லை. அதில் துணி சுற்றியிருந்ததைப் பின்னால் ஒரு நாள் பார்த்தேன்.

ஏழு அடித்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, அதே அம்மாள் கையில் காபியோடு என் வாசலில் நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. மாமா தியானத்துல ஒக்காந்திருந்தார். ஏழு மணி வரைக்கும் சத்தம் கூடாது," என்றாள்.

சுலோச்சனா மாமி எனக்குப் பழக்கமானது இப்படித்தான்.

மாமா, அதாவது கோதண்டபாணி சார், பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வயதில் யாரோ நண்பர் கூப்பிட்டார் என்று பத்து நாள் தியான முகாம் ஒன்றுக்குப் போனாராம். திரும்பி வந்த நாளிலிருந்து காலை ஆறு முதல் ஏழு வரை உட்கார்ந்தார். அவருடைய அப்பா இறந்த மறுநாளும் உட்கார்ந்தார். வெள்ளத்தில் தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்ற நாளிலும் உட்கார்ந்தார். மெட்ரோவுக்காகத் தரைக்கு அடியில் தோண்டியபோது எங்கள் வீட்டு டம்ளர்களெல்லாம் அலமாரியில் ஆடின; அவர் ஆடவில்லை. உள்ளறையில் ஒரு பலாப் பலகை, அதன்மேல் நாலாக மடித்த துண்டு, நிமிர்ந்த முதுகு, மடியில் கை, சாத்திய கதவு. முப்பத்தொன்பது வருடம். குழந்தைகள் இல்லை. இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் அதுகளை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்களோ என்று நான் யோசித்ததுண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மயிலாப்பூரில் ஒரு பூங்காவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர் தியானம் சொல்லிக்கொடுப்பார். நானும் இரண்டு வாரம் போனேன். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒன்று இது:

"ஒக்கார்றது வெறும் ஒத்திகை. எழுந்தப்புறம்தான் நாடகம். காபி குடிக்கறச்சே மனசு காபியில இருக்கணும். மாடி ஏறறச்சே படியில இருக்கணும். அங்கே கவனம் இல்லேன்னா இங்கே ஒக்காந்து பிரயோஜனமே இல்லே."

இரண்டாவது, உட்கார்ந்திருக்கும்போது செய்ய வேண்டியது. "சத்தம் வந்தா மனசுக்குள்ளே 'சத்தம்'னு ஒரு தரம் சொல்லிக்கோங்கோ. வாசனை வந்தா 'வாசனை'. அது என்னது, எங்கேர்ந்து வர்றது, யார் பண்றான்னு அது பின்னாடி ஓடாதீங்கோ. மூச்சுக்குத் திரும்பிடுங்கோ."

நான் கையைத் தூக்கினேன். "சார், போன் மணி அடிச்சா?"

"'சத்தம்'. அவ்வளவுதான்."

"எங்க ஆபீஸ்ல நான் அப்படி இருந்திருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க சார்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூன்றாவது வாரம் நான் போகவில்லை. கண்ணை மூடினால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது, குறட்டை வேறு.

ஆனால் மாமியின் சமையலறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் என் வீட்டில் பால் திரிந்துவிட்டால் நான் பெல் அடிக்கமாட்டேன், அவர்கள் கதவை நகத்தால் லேசாகச் சுரண்டுவேன். மாமி திறந்து உள்ளே விடுவாள். எழுந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் இரண்டு கை வளையல்களையும் மேலே ஏற்றுவது. முழங்கைக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் இறுக்கி நிறுத்திவிடுவாள், ஒன்றோடு ஒன்று உரசாது. மேடைமேல் பழைய துண்டு விரித்து அதன்மேல்தான் பாத்திரம் வைப்பாள். குழாயின் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். தண்ணீர் அந்தத் துணி வழியே சத்தமில்லாமல் குடத்தில் இறங்கும். காய் நறுக்கினால் கத்தி மணையில் படுகிற ஓசை வராது. பால் எப்போது பொங்கும் என்பது அவள் உடம்புக்கே தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவள் சரியாக அந்த நொடியில் திரும்பி அடுப்பை அணைப்பாள். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்து நான் கேட்டதில்லை.

"மாமி, அவர் பலகைமேல உட்கார்றாரு, அவ்வளவுதான். தியானம் பண்றது நீங்க," என்று ஒரு நாள் அவள் காதில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு ஏழு மணிக்கு மேல் சொன்னாள்:

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லே பொன்மணி. அவர் ஒக்காந்திருக்கறச்சே ஆத்துல கோவில் மாதிரி இருக்கும். எனக்கும் பிடிக்கும்."

எனக்குப் பிடிக்கவில்லை. அதை மாமியின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

போன மார்கழியில் ஒரு நாள். தெருக்கோடிக் கோயிலில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது. அவர் வழக்கம்போல ஆறு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு மணிக்கு வெளியே வந்தபோது மாமி சமையலறைத் தரையில் கிடந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. அடுப்பில் பால் பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. அவர் போட்ட அலறல் என் வீட்டுக்குள் வரைக்கும் வந்தது. ஓடினேன். அன்று காலை நான் செய்த வேறொரு காரியம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டர், மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் எந்த மருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்ய முடியுமாம்.

"ஆறு பத்துக்கு," என்றார் கோதண்டபாணி சார். மூச்சை வைத்தே அவருக்கு நேரம் தெரியும்.

டாக்டர் நிமிர்ந்தார். "இவ்வளவு கரெக்டா சொல்றீங்களே, கூட இருந்தீங்களா?"

"பக்கத்து ரூம்ல இருந்தேன்."

"தூங்கிட்டு இருந்தீங்களா?"

"இல்லே. முழிச்சுண்டுதான் இருந்தேன்."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காகிதத்தில் ஆறு பத்து என்று எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து மாமியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று அவர் அதே டாக்டரைத் தேடிப் போய், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவள் நடந்திருப்பாளா, பேசியிருப்பாளா என்று கேட்டார். "சொல்ல முடியாது சார். இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்," என்றார் டாக்டர். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அந்த மனிதர் அழுதாவது தீர்த்திருப்பார்.

கூடத்தில் இரும்புக் கட்டில் போட்டார்கள். மாமியின் தலைமாடு உயரமாக இருந்தால்தான் சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போகாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளறைக்குப் போய்ப் பலாப் பலகையைத் தூக்கிவந்து மெத்தைக்கு அடியில் தலைப்பக்கம் செருகினார். அதன் பிறகு அவர் உட்காரவில்லை. ஒரு நாள்கூட இல்லை.

பகலில் உதவிக்குத் தேவானை வந்தாள். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்த குடிசைகளை அகற்றியபோது செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவள். இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போவாள். ஆனால் அவள் செய்ய அவர் அதிகம் மிச்சம் வைப்பதில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை மாமியைப் புரட்டிப் படுக்கவைப்பார். கஞ்சியை ஒரு தேக்கரண்டி ஊட்டிவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அவர் கண் அவள் தொண்டையை விட்டு நகராது. தெருவில் பந்தல்காரன் தகரத்தைப் போட்டு உடைத்தாலும் திரும்பமாட்டார். அவள் மூச்சில் சின்னதாக ஒரு கரகரப்பு வந்தால் எழுந்துவிடுவார். பூங்காவில் எதைச் சொல்லிக்கொடுத்தாரோ அதை அப்படியே செய்துகொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இதில் பாதியை முன்னால் செய்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

பூங்காவுக்கு வருகிறவர்களில் சுந்தரராமன் என்று ஒருவர். மாமியைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். இவர் கஞ்சி ஊட்டுவதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உருகிப்போய்ச் சொன்னார்:

"மாமா, எழுந்தப்புறம்தான் தியானம்னு சொல்லுவேளே. இதுதான் அது. இன்னிக்கு நேர்ல பார்த்துட்டேன்."

கோதண்டபாணி சார் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "காபி குடிச்சாச்சோன்னோ? கிளம்பு," என்றார்.

"மாமா, நான் தப்பா ஒண்ணும்..."

"கிளம்புடா!"

அவர் யாரையும் அதட்டி நான் கேட்டது அன்றுதான். சுந்தரராமன் போன பிறகு அவர் கரண்டியை மறுபடி எடுக்கவில்லை. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். மாமி தூங்கிவிட்டாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார், என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

"மொதல்ல பாத்திரம் விழுந்த சத்தம். இந்த ஆத்துல அந்த நேரத்துல பாத்திரம் விழுந்ததே இல்லே, பொன்மணி. முப்பத்தொம்பது வருஷத்துல அதுதான் மொதல் தரம். நான் 'சத்தம்'னேன். மூச்சுக்குத் திரும்பினேன். அப்புறம் வளையல் தரையில தட்டற சத்தம். டக்கு டக்குன்னு ரொம்ப நேரம். இடது கையால தட்டியிருக்கா. நான் ஒவ்வொரு தட்டுக்கும் 'சத்தம்', 'சத்தம்'னு சொல்லிண்டே இருந்தேன். ஒண்ணுகூட விடலே. பால் கருகித்து. 'வாசனை'ன்னேன். என்ன நெனச்சேன் தெரியுமோ? இவ்வளவுலேயும் மனசு அசையலியே, இன்னிக்கு நன்னா ஒக்காந்திருக்கோமேன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்தது."

சுவரைப் பார்த்தபடியே மேலே சொன்னார்:

"கடைசியில கதவை யாரோ சுரண்டற மாதிரி ஒரு சத்தம். அதையும் 'சத்தம்'னுட்டேன்."

சுரண்டியது நான்தான். இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன். அன்று பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு படி ஏறும்போதே கருகல் வாடை. மாமி வீட்டில் பால் கருகாது, எனக்கு அது தெரியும், என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. கதவைச் சுரண்டினேன். திறக்கவில்லை. மறுபடியும் சுரண்டினேன். காலிங் பெல்லின்மேல் விரலை வைத்துவிட்டேன். மணியைப் பார்த்தேன், ஆறே முக்கால். ஏழு மணி வரைக்கும் சத்தம் கூடாது. விரலை எடுத்துவிட்டு என் வீட்டுக்குள் போய்க் காபி போட்டேன். மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பதற்கே முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள், ஒரு மணியை அடிக்கத் துப்பில்லாமல் திரும்பிப் போனேன்.

அவரிடம் இதைச் சொன்னேன். "நீங்க என்ன பண்ணுவேள்? பழக்கினது நான்தானே," என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். மாமிக்குக் குரல் இருக்கிறது, வார்த்தைதான் வழி தவறிவிட்டது என்றாள். "பேர் சொல்ல வைக்க வேண்டாம். முதல்ல தேவைன்னா அவங்க கூப்பிடணும். சத்தம் போட்டோ மணி அடிச்சோ, எப்படியாவது ஒருத்தரைக் கூப்பிடற பழக்கம் வந்துட்டா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம். முதல் ஆறு மாசம் முக்கியம். நீங்க முந்திக்கிட்டு எல்லாத்தையும் செய்யாதீங்க சார், அவங்க கூப்பிடட்டும்," என்றாள்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்கு வேறு வேண்டுதல் கிடையாது. அவள் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு தரம் அவள் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் ஓடிப்போய் என்ன என்று கேட்க வேண்டும். பூஜை அலமாரியிலிருந்து வெண்கல மணியை எடுத்துத் துடைத்து மாமியின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். "சுலோ, எது வேணும்னாலும் அடி. எப்போ வேணும்னாலும் அடி," என்று தினமும் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

மாமி அடித்தாள். தண்ணீருக்கு அடித்தாள், விசிறி வேகத்துக்கு அடித்தாள், எறும்பு ஏறியதற்கு அடித்தாள். தேவானை இருந்தால் அடித்தாள், நான் இருந்தால் அடித்தாள். எங்களுக்குச் சந்தோஷம். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தேவானை சொன்னாள்:

"அக்கா, ஒண்ணு கவனிச்சியா? ஐயா முழிச்சிக்கினு கீறப்ப அம்மாக்கு மணிக்கு வேலையே இல்ல, அவரே எல்லாம் பாத்துக்கிறாரு. ஆனா அவரு அசந்துபோய்க் கண்ணை மூடிக்கினாருன்னு வெச்சுக்கோ, அவ்ளோதான். அம்மா மூச்சுகூட மெதுவாத்தான் உடுது. இன்னாக்கா இது?"

"தூங்கறாரேன்னு பாவம் பார்க்கறாங்க," என்றேன்.

"தூங்குறாருன்னா அம்மா நினைக்கிது?" என்றாள் தேவானை. "அவரு தூங்குறதைப் பாத்துக்கீறியா நீ?"

பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போதுதான் உறைத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில் அவர் தூங்கினால் தலை சாயாது. வாய் பிளக்காது. முப்பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அந்த உடம்பு நிமிர்ந்த முதுகோடு, மடியில் கையோடு, அப்படியே தூங்கும்.

சித்திரை முடிகிற சமயம். மாமிக்கு நல்ல காலில், இடது காலில், தசை பிடித்துக்கொண்டது. அவர் வெந்நீர்ப் பை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முந்தைய இரண்டு நாள் அவர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கண் மூடிவிட்டது. நானும் தேவானையும் மாடியிலிருந்து காய்ந்த துணியோடு இறங்கி வந்தோம். வெந்நீர்ப் பையின் மூடி தளர்ந்து, தண்ணீர் மாமியின் காலடியில் வழிந்து மெத்தையெல்லாம் ஈரம். கெண்டைக்கால் தோல் உரிந்திருந்தது. மாமியின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மணி அவள் கையில்தான் இருந்தது. வலியில் கை உதறிக்கொண்டே இருந்தது. அது ஓசை எழுப்பிவிடாதபடி மணியின் நாக்கை அவள் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தேவானை போட்ட கத்தலில் அவர் விழித்தார். காலைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். மணியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் விடவில்லை, அவர் பிரிக்கப் பிரிக்க மறுபடி மடக்கினாள். அவர் கண் திறந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் விட்டாள். விட்ட பிறகுதான் வலியில் முனகினாள். அவர் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எழுபத்திரண்டு வயது மனிதர். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், வேறு என்ன செய்ய?

புண் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் விழித்திருக்கும்போது அவர் அவள் எதிரில் கண்ணை மூடவில்லை. பகலில் ஒரு மணி நேரம் என் வீட்டுக்கு வந்து சோபாவில் படுப்பார், நான் போய் மாமியோடு இருப்பேன். மாமி ஏதாவது ஒன்றுக்கு மணி அடிப்பாள். அடித்த மறு நிமிடம் அவர் தூக்கத்திலிருந்து எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். "என்னையா கூப்பிட்டா?" என்பார். என்னைத்தான் கூப்பிட்டாள் என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

என் புத்திக்கு எட்டிய யோசனை ஒன்று இருந்தது. மணியைப் பிடித்து நிறுத்த முடிகிறது. கையில் போட்ட வளையலை எப்படி நிறுத்துவாள்? இருக்கிற ஒரு கை அதுதான். ஆஸ்பத்திரியில் கழற்றியதிலிருந்து அவள் கை மூளியாகவே இருந்தது. மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய் ஆறு கவரிங் வளையல் வாங்கினேன். கண்ணாடி வேண்டாம், உடைந்தால் குத்தும். ஒவ்வொன்றையும் கடைக்காரர் எதிரிலேயே ஆட்டிப் பார்த்து, நன்றாகச் சத்தம் போடுகிறதையே எடுத்தேன். மாமிக்குப் போட்டுவிட்டபோது அவள் கையைத் தூக்கிப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தாள். வளையல்கள் கலகலவென்று இறங்கின. கோதண்டபாணி சாருக்கு மாதக்கணக்கில் இல்லாத வெளிச்சம் முகத்தில் வந்தது.

"இனிமே அசைஞ்சாலே தெரிஞ்சுடும்," என்றார். "அவ கூப்பிட வேண்டாம். நான் கேட்டா போறும்."

அன்று சாயங்காலம் சோதித்துப் பார்க்கலாம் என்றார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தேவானை பஸ் பிடிக்கப் போய்விட்டாள். நான் வாசற்படியில் நின்றேன். மாமிக்குத் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, வேண்டுமென்றேதான் விட்டிருந்தோம். தாகத்தில் அவள் உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்கப் போறதில்லே பொன்மணி. சும்மா மூடிக்கறேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடினார். முதுகு தானாக நிமிர்ந்தது. கை மடிக்குப் போனது. முகத்தை அவள் பக்கம் லேசாகத் திருப்பி, காதைக் கொடுத்தார். அவ்வளவு கவனமாக ஒரு மனிதர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாமி அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது கையை மெல்ல நகர்த்திக் கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கு மேலே கொண்டுவந்தாள். மேலே தூக்கவில்லை, மெத்தையோடு மெத்தையாக ஒட்டி நகர்த்தினாள். முதல் வளையலின் விளிம்பைச் சட்டத்தின் முனையில் கொடுத்து, கையைக் கீழே அழுத்தினாள். வளையல் மேலே ஏறியது. இரண்டாவதைக் கொடுத்தாள். அதுவும் ஏறியது. வயதான தோல் சுருண்டு சிவந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஆறையும் ஒவ்வொன்றாக ஏற்றி, முழங்கைக்குக் கீழே, பழைய இடத்தில், இறுக்கி நிறுத்தினாள். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

"பொன்மணி," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல். "எனக்கு ஒண்ணும் கேக்கலே. சத்தம் ஏதாவது வந்துதா?"

மாமி என் பக்கம் திரும்பினாள். அந்த இடது கையைத் தூக்கி, விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

அன்றைக்குப் போலவே நான் வாயை மூடிக்கொண்டேன்.